பைபாஸுக்குப் பிறகு ட்ரோபோனின் 2,840: பம்ப் போட்டதால் இதயத் தசை அடிபட்டதா?

கரிசல்குமரன்:
எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்கு வயது 64, சர்க்கரை உண்டு. நேற்றுக் காலை பைபாஸ் முடிந்தது, மூன்று கிராஃப்ட் (அடைப்பைத் தாண்டி ரத்தம் போகத் தைக்கும் மாற்றுக் குழாய்). பம்பில், அதாவது இதய-நுரையீரல் மெஷினில் போட்டுத்தான் செய்தார்கள். ராத்திரியே டியூபை எடுத்துவிட்டார்கள். இன்று காலை பார்த்தபோது காபி கேட்டார். அந்த வகையில் நிம்மதிதான்.

பிரச்சினை ரிப்போர்ட்டில். ஆபரேஷன் முடிந்து 12 மணி நேரத்தில் எடுத்த ரத்தத்தில் ட்ரோபோனின் ஐ (இதயத் தசை அடிபட்டால் ரத்தத்தில் கசியும் புரதம்) 2,840 என்று வந்திருக்கிறது. 34க்குள் இருந்தால் நார்மல் என்று பக்கத்திலேயே அச்சடித்து, சிவப்பில் அம்புக்குறியும் போட்டிருக்கிறார்கள். இரண்டு வருஷம் முன்னால் நெஞ்சுவலி என்று சேர்த்தபோது 400 இருந்தது, அதற்கே மாரடைப்பு என்றார்கள். இப்போது அதைப்போல ஏழு மடங்கு. டியூட்டி டாக்டரிடம் கேட்டால் "ஆபரேஷன்னா ஏறத்தான் செய்யும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பெரியப்பாவுக்கு வேறு ஊரில் இதயம் துடித்துக்கொண்டிருக்கும்போதே செய்தார்கள். அவருக்கு 700 சொச்சம்தான் வந்ததாம். "மெஷின்ல போட்டு இதயத்தை நிறுத்தினா தசை செத்துத்தானே போகும், நீங்க விசாரிச்சிருக்க வேண்டாமா" என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் என்னைக் குடைகிறார்கள். விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வைகைக்கரை:
நான் ஐசியூ நர்ஸ். தம்பி, முதலில் நான்கு விஷயம் சொல்லுங்கள். ஈசிஜியில் புதிதாக ஏதாவது மாற்றம் என்றார்களா? பிபிக்கு மருந்து ஓடுகிறதா, ஓடினால் ஏற்றுகிறார்களா குறைக்கிறார்களா? எக்கோ பார்த்தார்களா? பெரியப்பாவுடைய 700 எந்த மணி நேரத்தில் எடுத்தது, எந்த கம்பெனி கருவியில்? கடைசிக் கேள்வி சும்மா கேட்கவில்லை. ட்ரோபோனின் ஐ, ட்ரோபோனின் டி இரண்டும் வெவ்வேறு அளவுகோல். ஐ என்று இருந்தாலும் ஒரு கம்பெனி எண்ணை இன்னொரு கம்பெனி எண்ணோடு வைத்துப் பார்க்கக் கூடாது.

கரிசல்குமரன்:
ஈசிஜியில் மாற்றம் இல்லை என்றார்கள் மேடம். நேற்று இரண்டு மருந்து ஓடியது, இன்று ஒன்றை நிறுத்திவிட்டார்கள். எக்கோ நாளைக்காம். கருவி அப்பாட் என்று ரிப்போர்ட்டின் அடியில் இருக்கிறது. பெரியப்பாவுடையது எதில் எடுத்தார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை.

நெல்லை_வாசு:
தம்பி மனம் தளர வேண்டாம், ஆனால் உண்மையைச் சொல்லித்தான் ஆக வேண்டும். என் மாமனாருக்கு ஆஃப் பம்ப் முறையில், அதாவது மெஷின் இல்லாமல் இதயம் துடிக்கும்போதேதான் செய்தோம். ஐந்தாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டார். பம்ப் முறையில் மகாதமனியை (இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக் குழாய்) கிளாம்ப் போட்டு இறுக்கி, ஒரு மணி நேரம் இதயத்துக்குச் சொட்டு ரத்தம் போகாமல் வைக்கிறார்கள். காலில் கயிறு கட்டினாலே மரத்துப்போகிறது, இதயம் என்ன இரும்பா? ட்ரோபோனின், சிகேஎம்பி (இதுவும் தசை அடிபட்டால் கசிவதுதான்) எல்லாம் ஆஃப் பம்பில் குறைவு என்று ஆய்வுகளே சொல்கின்றன. நெதர்லாந்தில் 281 பேரை வைத்துச் செய்த ஆய்வில் சிகேஎம்பி 41 சதவீதம் குறைவாக வந்தது. இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்?

பம்ப்காரன்:
அந்த மெஷினை ஓட்டுவதுதான் என் பிழைப்பு. பெர்ஃப்யூஷனிஸ்ட். அதனால் பக்கச்சார்பு இருக்கும் என்று வைத்துக்கொண்டே படியுங்கள்.

வாசு அண்ணன் சொன்னதில் பாதி சரி. கிளாம்ப் போட்டதும் இதயத்துக்கு ரத்தம் நிற்கிறது, உண்மை. ஆனால் சும்மா நிறுத்தி வைப்பதில்லை. சர்ஜன் "கிளாம்ப் ஆன்" என்றதும் நான் நேரம் குறித்துக்கொண்டு கார்டியோபிளீஜியாவை விடுவேன். பொட்டாசியம் கலந்த திரவம், 4 டிகிரி குளிர். எங்கள் இடத்தில் நான்கு பங்கு ரத்தம், ஒரு பங்கு திரவம். அது உள்ளே போனதும் மானிட்டரில் ஈசிஜி அலை அகலமாகி, சோம்பலாகி, நேர்கோடாகிவிடும். பொட்டாசியம் தசையின் மின்சாரத்தை அணைத்துவிடுவதால் சுருங்குவதற்கான செலவு இல்லை. குளிர்ச்சி மிச்சச் செலவையும் குறைக்கும். இதயம் செலவழிப்பதில் பெரும்பகுதி துடிப்பதற்குத்தான், அதை நிறுத்திவிட்டால் கையிருப்பில் உள்ள ஏடிபி (செல்லின் எரிபொருள்) கொஞ்ச நேரம் தாங்கும். அதுவும் தீர்ந்துவிடாமல் 20 நிமிஷத்துக்கு ஒருமுறை மறுபடி கொடுப்போம். டெல் நிடோ என்று இன்னொரு கலவை இருக்கிறது. குழந்தைகளுக்காக பிட்ஸ்பர்கில் உருவாக்கியது, இப்போது பெரியவர்களுக்கும் போடுகிறார்கள். அதில் விகிதம் தலைகீழ், ஒரு பங்கு ரத்தத்துக்கு நான்கு பங்கு திரவம். ஒரு டோஸே ஒரு மணி நேரத்துக்கு மேல் தாங்கும்.

உண்மையில் அடி விழுவது இரண்டு இடத்தில். ஒன்று, அடைப்புக்கு அப்பால் இருக்கும் தசைக்குத் திரவம் சரியாகப் போய்ச் சேராதபோது. நல்ல ரத்தமே போகாத குழாயில் திரவம் மட்டும் எப்படிப் போகும்? அதனால்தான் பின்வழியாக, கரோனரி சைனஸ் (இதயத் தசையின் ரத்தம் திரும்பி வரும் பெரிய சிரை) வழியாகவும் கொடுப்பது. அதிலும் ஒரு குறை, வலது கீழறைக்கு அது அவ்வளவாகப் போய்ச் சேராது. இரண்டாவது, கிளாம்பை எடுத்தபிறகு. பட்டினி கிடந்த செல்லுக்குள் திடீரென்று ஆக்சிஜன் பாயும்போது கால்சியம் அளவுக்கு மீறி உள்ளே ஏறும், செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியா கெடும். ரத்தம் திரும்பி வருவதாலேயே வரும் சேதம் இது.

இதெல்லாம் போக, வலது மேலறையில் குழாய் செருகுவது, தையல் போடுவது, கையால் பிடித்துத் திருப்புவது, சில சமயம் ஷாக் கொடுப்பது எல்லாவற்றிலும் கொஞ்சம் ட்ரோபோனின் கசியும். உங்கள் அப்பாவின் 2,840இல் இது எல்லாம் சேர்ந்துதான் இருக்கிறது. நெஞ்சுவலியோடு வந்தவரின் 400 வேறு கதை. அங்கே கத்தி படாத இதயத்திலிருந்து கசிந்தது.

மேகலா_மயக்கவியல்:
பம்ப்காரன் தன் பக்கத்தைச் சொல்லிவிட்டார், திரைக்கு இந்தப் பக்கம் தலைமாட்டில் நிற்கும் நான் ஆஃப் பம்பைப் பற்றிச் சொல்கிறேன். துடிக்கும்போதே செய்வதால் தசைக்கு ரத்தம் நிற்பதே இல்லை என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. எந்தக் குழாயில் தைக்கிறார்களோ அந்தக் குழாயை அந்த நேரத்துக்கு அடைத்துத்தான் ஆக வேண்டும், அல்லது உள்ளே ஷன்ட் என்ற சின்னக் குழாய் ஒன்றைச் செருகி அது வழியாக ரத்தத்தை விட வேண்டும். முன்பக்கம் உள்ள எல்ஏடி என்ற இதயத் தமனி என்றால் எங்களுக்கு அலட்டல் இல்லை. பின்பக்கச் சுவரில் தைக்க இதயத்தைத் தூக்கி நிறுத்தும்போதுதான் இருக்கிறது வேலை. அறைகள் மடங்கி உள்ளே ரத்தம் நிரம்பாது, பிபி மளமளவென்று 70, 60 என்று இறங்கும். டேபிளைத் தலைப்பக்கம் சாய்ப்போம், மருந்தை ஏற்றுவோம். ஈசிஜியில் எஸ்டி பகுதி ஏற ஆரம்பித்தால் (தசைக்கு ரத்தம் போதவில்லை என்பதன் அறிகுறி) "சார், கொஞ்சம் கீழே விடுங்க" என்பேன். அவர் இதயத்தைப் பழைய இடத்தில் வைப்பார், இரண்டு நிமிஷம் காத்திருப்போம், மறுபடி தூக்குவோம். அந்த நிமிஷங்களிலும் தசை பட்டினிதான்.

இதில் மிக மோசமானது, பாதியில் தாங்காமல் அவசரமாகப் பம்புக்கு மாறுவது. ஆரம்பத்திலிருந்தே பம்பில் செய்திருந்தால் வராத ஆபத்து அதில் வரும். கைதேர்ந்த சர்ஜன் என்றால் இது அபூர்வம்.

இப்போது வாசு சார் கேட்ட ஆதாரம். ட்ரோபோனின் ஆஃப் பம்பில் குறைவு, அதில் சண்டையே இல்லை. ஆனால் நிரந்தரமாகச் செத்த தசை குறைகிறதா? ஆக்ஸ்ஃபோர்டில் 60 பேரைச் சீட்டுக் குலுக்கி இரு பக்கமாகப் பிரித்து, ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் இதய எம்ஆர்ஐ எடுத்தார்கள், 2004இல் வெளியானது. காடோலினியம் ஊசி போட்டு எடுத்தால் செத்த தசை வெள்ளையாகத் தெரியும். பம்ப் பக்கம் 36 சதவீதம் பேருக்கு, ஆஃப் பம்ப் பக்கம் 44 சதவீதம் பேருக்குப் புதிதாக வெள்ளைத் தழும்பு. அத்தனை சின்ன எண்ணிக்கையில் இது வித்தியாசமே இல்லை. செத்த தசையின் எடையும் இரு பக்கமும் சராசரி 6 கிராம் சொச்சம். ஆபரேஷன் முடிந்த ஆரம்ப நாட்களில் இதயம் சுருங்கும் பலம் ஆஃப் பம்பில் நன்றாக இருந்தது, ட்ரோபோனினும் குறைவுதான். தழும்பு மட்டும் சமம்.

நெல்லை_வாசு:
60 பேரை வைத்து என்னத்தைச் சொல்ல முடியும் மேடம்? 281 பேரை வைத்துச் சொன்னால் ஏற்க மாட்டீர்கள், 60 பேரை வைத்துச் சொன்னால் வேதமா?

மேகலா_மயக்கவியல்:
நியாயமான கேள்வி. பெரிய ஆய்வுகளுக்கே போவோம்.

கரோனரி என்ற ஆய்வு, 19 நாடுகள், 4,752 பேர். இந்தியாவும் அதில் உண்டு. 30 நாளில் இறப்பு, மாரடைப்பு, பக்கவாதம், டயாலிசிஸ் தேவைப்படும் அளவுக்குச் சிறுநீரகக் கோளாறு, இவை எல்லாம் சேர்த்து ஆஃப் பம்பில் 9.8 சதவீதம், பம்பில் 10.3. ஐந்து வருஷம் கழித்து, மறுபடி அடைப்பெடுத்ததையும் சேர்த்துப் பார்த்தபோது 23.1, 23.6. மாரடைப்பை மட்டும் எடுத்தாலும் முதல் 30 நாளில் 6.7, 7.2. நூலிழை வித்தியாசம். ஜெர்மனியில் 75 வயதுக்கு மேற்பட்ட 2,539 பேரை வைத்துச் செய்ததிலும் இதே கதைதான். வயதானவர்களுக்காவது ஆஃப் பம்ப் ஜெயிக்கும் என்று எதிர்பார்த்தார்கள், நடக்கவில்லை.

அமெரிக்காவில் முன்னாள் ராணுவத்தினர் ஆஸ்பத்திரிகளில் 2,203 பேரை வைத்துச் செய்த ரூபி ஆய்வில் ஆஃப் பம்புக்கு அடியே விழுந்தது. ஒரு வருஷம் கழித்து ஆஞ்சியோ எடுத்துப் பார்த்தால் அந்தப் பக்கம் 82.6 சதவீத கிராஃப்ட்கள் திறந்திருந்தன, பம்ப் பக்கம் 87.8. ஐந்து வருஷ இறப்பு ஆஃப் பம்பில் 15.2 சதவீதம், பம்பில் 11.9.

நெல்லை_வாசு:
ரூபியில் சர்ஜன்கள் பழக்கமில்லாதவர்கள் என்று எல்லோருக்கும் தெரியும். பயிற்சி டாக்டர்களை விட்டுத் தைக்க வைத்தார்கள். 20 கேஸ் செய்திருந்தால் போதும் என்று சேர்த்துக்கொண்டார்கள். நம் ஊரில் நாள்தோறும் ஆஃப் பம்ப் செய்கிற கைகளை அதோடு ஒப்பிடுவதா?

மேகலா_மயக்கவியல்:
அதை மறுக்கவே மாட்டேன். கரோனரியில் அந்தந்த முறையில் நூறு கேஸுக்கு மேல் செய்த சர்ஜன்களைத்தான் சேர்த்தார்கள். அங்கே இரண்டும் சமமாக வந்ததும் அதனால்தான் என்பது என் எண்ணம். நாள் முழுக்க ஆஃப் பம்ப் செய்கிறவரிடம் போய் "சார், பம்ப் போட்டே செய்யுங்க" என்று கெஞ்சுவதும், பம்பில் பழகியவரிடம் "துடிக்கும்போதே செய்யுங்க" என்று அடம்பிடிப்பதும் ஒரே அளவு அசட்டுத்தனம்.

பழைய_ஈசிஜி:
நான் ஓய்வுபெற்ற பொது மருத்துவன். குமரன் கேட்டது 2,840 பற்றி. நீங்கள் எல்லோரும் சேர்ந்து பட்டிமன்றம் நடத்திக்கொண்டிருக்கிறீர்கள்.

பைபாஸுக்குப் பிறகு எந்த அளவுக்கு மேல் போனால் அதை மாரடைப்பு என்பது என்பதில் பெரிய மனிதர்களுக்கே ஒத்த கருத்து இல்லை. 2018இல் வந்த நான்காவது உலகளாவிய வரையறை, 48 மணி நேரத்துக்குள் நார்மல் உச்சவரம்பைப் போல 10 மடங்கைத் தாண்ட வேண்டும் என்கிறது. அது மட்டும் போதாது. கூடவே ஈசிஜியில் புதிய க்யூ அலையோ (தசை செத்ததைக் காட்டும் பள்ளம்), ஆஞ்சியோவில் கிராஃப்டோ ரத்தக் குழாயோ அடைத்திருப்பதோ, எக்கோவில் ஒரு பகுதி புதிதாக அசையாமல் போனதோ இருந்தால்தான் கணக்கு. 2013இல் அமெரிக்க இதய ஊடுருவல் சிகிச்சை நிபுணர்கள் சொன்னது 70 மடங்கு, புதிய க்யூ அலையும் இருந்தால் 35. இதற்கெல்லாம் பெரும்பாலும் நிபுணர்கள் கூடிப் பேசி எடுத்த முடிவே அடிப்படை.

2022இல்தான் விஷன் என்ற ஆய்வில் நிஜமாக அளந்து பார்த்தார்கள். 12 நாடுகளில் 13,862 பேர். கருவியும் அப்பாட்தான், குமரனுக்கு அதிர்ஷ்டம். எந்த அளவிலிருந்து 30 நாள் இறப்பு ஆபத்து கூடத் தொடங்குகிறது என்று தேடினார்கள். தனி பைபாஸுக்கோ, மகாதமனி வால்வு மாற்றத்துக்கோ முதல் ஒரு நாளில் 5,670. அந்த ஆய்வு எடுத்துக்கொண்ட நார்மல் உச்சவரம்பான 26ஐப் போல 218 மடங்கு! இரண்டாம், மூன்றாம் நாளில் 1,522. உங்கள் அப்பாவின் முதல் நாள் 2,840 அந்தக் கோட்டுக்குப் பாதியில் நிற்கிறது. ரிப்போர்ட்டில் சிவப்பு அம்பு போடும் கம்ப்யூட்டருக்கு நோயாளி நெஞ்சுவலியோடு வந்தாரா, நெஞ்சைத் திறந்து தைத்து வந்தாரா என்பது தெரியாது.

ஒரே ஒரு எண்ணை வைத்துக்கொண்டு முடிவு கட்டாதீர்கள். முதல் 12 மணி நேரத்தை ஒட்டி ஏறி, பிறகு இறங்கினால் சரி. இறங்கிக்கொண்டிருந்தது மறுநாள் மறுபடி ஏறினால் அப்போதுதான் கிராஃப்ட் மடிந்திருக்கிறதா, அடைத்திருக்கிறதா என்று பார்க்க ஓட வேண்டும்.

தேரிக்காட்டான்:
இடையில் ஒரு சரித்திரம், பொறுத்துக்கொள்ளுங்கள். மார்புத் தமனியை இதயத் தமனியோடு தைக்கும் வேலையை 1964இல் லெனின்கிராடில் கோலெசோவ் என்ற சர்ஜன் பம்ப் இல்லாமலேதான் செய்தார். 1967இல் கிளீவ்லண்டில் ஃபவலோரோ காலில் உள்ள சிரையை வைத்துச் செய்த பிறகுதான் பைபாஸ் உலகம் முழுக்கப் பரவியது. நம் நாட்டில் முதல் பைபாஸ் 1975இல், சென்னை பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியில், டாக்டர் கே.எம். செரியன் செய்தது. பம்பில் செய்வது வழக்கமான பிறகு ஆஃப் பம்பை மறந்தே போனார்கள். 80களில் அர்ஜென்டினாவில் பெனெட்டியும் பிரேசிலில் புஃபோலோவும் தூசி தட்டி எடுத்தார்கள். 90களில் நெதர்லாந்தில் ஆக்டோபஸ் என்ற பிடிமானக் கருவி வந்தது. தைக்கும் இடத்தின் இரண்டு பக்கமும் உறிஞ்சிப் பிடித்து அந்த இடத்தை மட்டும் அசையாமல் நிறுத்தும். அதற்குப் பிறகு இது பெரிய அலையானது.

பம்ப்காரன்:
அதோடு ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பொட்டாசியம் கொடுத்து இதயத்தை நிறுத்தலாம் என்று 1955இல் லண்டனில் மெல்ரோஸ் சொன்னார். அன்று பொட்டாசியம் சிட்ரேட்டை அவ்வளவு கெட்டியாகக் கொடுத்ததில் தசையே செத்துப்போனது தெரியவந்து, பல வருஷம் யாரும் அந்தப் பக்கம் போகவில்லை. 70களில் அளவைக் குறைத்து செயின்ட் தாமஸ் கலவை வந்த பிறகுதான் மறுபடி நம்பிக்கை வந்தது. உறவுக்காரர்கள் பயப்படுகிற "மெஷினில் போட்டால் தசை செத்துப்போகும்" என்பது அந்தக் காலத்தில் நிஜம். இன்றைய கலவைக்குப் பொருந்தாது.

மல்லிகா_சேலம்:
ஆபரேஷனுக்கு முன்னால் கையில் பிபி பட்டையைக் கட்டி இறுக்கி, தளர்த்தி, இறுக்கி, தளர்த்திச் செய்தால் இதயத் தசை பாதுகாக்கப்படும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். அது உண்மையா?

மேகலா_மயக்கவியல்:
அழகான யோசனை, சின்ன ஆய்வுகளில் ட்ரோபோனினும் குறைந்தது. 2015இல் பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் பெரிய அளவில் செய்து பார்த்தார்கள், நோயாளிக்கு ஒரு பலனும் தெரியவில்லை. எண் குறைவதை மட்டும் பார்த்துக் கொண்டாடக் கூடாது என்பதற்கு இதுவும் ஒரு சாட்சி. வாசு சார் கவனிக்க.

நெல்லை_வாசு:
கவனித்தேன் மேடம். ஆனாலும் ரத்தம் ஏற்றுவது குறைவு, சிறுநீரகத்துக்கு நல்லது, இதையாவது ஒத்துக்கொள்வீர்களா?

மேகலா_மயக்கவியல்:
கரோனரியிலேயே இருக்கிறது. ரத்தம் ஏற்ற வேண்டியிருந்தவர்கள் ஆஃப் பம்பில் 50.7 சதவீதம், பம்பில் 63.3. சிறுநீரகம் தற்காலிகமாகப் பாதிக்கப்பட்டது 28க்கு 32.1. முழு மனதோடு ஒத்துக்கொள்கிறேன்.

கரிசல்குமரன்:
இன்றைய நிலவரம். ட்ரோபோனின் 1,180. எக்கோ எடுத்தார்கள், முன்பு பம்பிங் (ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தின் பங்கு) 55 சதவீதம், இப்போது 50. "செப்டம் (இதய அறைகளுக்கு நடுவே உள்ள சுவர்) அசைவு இயல்பாக இல்லை" என்று எழுதியிருக்கிறார்கள். மருந்து எல்லாம் நிறுத்தியாயிற்று, நாற்காலியில் உட்கார வைத்தார்கள். செப்டம் விஷயம்தான் உறுத்துகிறது.

பழைய_ஈசிஜி:
இறங்குமுகம், 1,522க்கும் கீழே. நல்லது. நெஞ்சைத் திறந்து, இதய உறையைக் கீறிச் செய்த எந்த ஆபரேஷனுக்குப் பிறகும் செப்டம் இப்படிக் கோணலாக அசைவது சகஜம். அது தடிமனாகிறதா என்றுதான் எக்கோக்காரர் பார்ப்பார். தடிமனாகிறது என்றால் தசை உயிரோடு இருக்கிறது. 55, 50 ஆனதையும் பெரிதாக எடுக்க வேண்டாம். அளக்கும் கைக்குக் கை அந்த அளவு மாறும். அப்புறம், பட்டினிக்குப் பிறகு தசை சாகாமலே சில நாள் சோர்ந்து கிடப்பதும் உண்டு, அது தானாகத் தேறும். ஆறு வாரம் கழித்து எடுக்கும் எக்கோதான் உண்மையான கணக்கு. அதுவரை மெட்ஃபார்மின், ஸ்டாட்டின், ஆஸ்பிரின் போன்றவற்றில் எதை எப்போது மறுபடி தொடங்குவது என்று டிஸ்சார்ஜ் அன்றைக்குக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

தாமிரபரணி_மகள்:
இதே இழையில் கேட்கலாமா? என் அம்மாவுக்கு 71, பம்பிங் 30 சதவீதம்தான், அடுத்த வாரம் பைபாஸ். சர்ஜன் "பம்ப் வைப்போம், ஆனால் இதயத்தை நிறுத்த மாட்டோம்" என்றார். இரண்டும் கெட்டானாக இருக்கிறதே என்று வீட்டில் குழப்பம்.

பம்ப்காரன்:
குழப்பமே வேண்டாம் அக்கா, அது தனி முறை. இதயம் பலவீனமானவர்களுக்குப் பல இடங்களில் இதைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். பம்ப் உடம்புக்கு ரத்தத்தைத் தள்ளிக்கொண்டிருக்கும், அதனால் இதயத்தைத் தூக்கினாலும் பிபி விழாது. கிளாம்ப் இல்லாததால் முழு இதயத்துக்கும் ஒரே நேரத்தில் ரத்தம் நிற்காது. ஏற்கனவே நொந்துபோன தசையை ஒரு மணி நேரம் நிறுத்தி, மறுபடி கிளப்புவதில் உள்ள சிரமம் மிச்சம். ஆனால் பம்புக்கே உரிய அழற்சி, ரத்தம் நீர்த்துப்போவது எல்லாம் இதிலும் உண்டு. பெரிய ஆய்வு எதையும் வைத்து இதுதான் சிறந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது. குழாயை நீளம் குறைத்து, ரத்தம் காற்றோடு சேராமல் மூடிய வட்டமாக ஓட்டும் சின்ன சர்க்யூட் சில இடங்களில் இருக்கிறது, அதுவும் ஒரு வழி.

தாமிரபரணி_மகள்:
நன்றி அண்ணா. சர்ஜனிடம் நாங்கள் கேட்க வேண்டியது என்ன?

மேகலா_மயக்கவியல்:
மகாதமனியில் சுண்ணாம்புப் படிவு இருக்கிறதா என்று கேளுங்கள். அம்மா வயதில் முறையை முடிவு செய்வதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. சுவர் சுண்ணாம்பாகக் கெட்டித்திருந்தால் அங்கே கிளாம்ப் போடுவதோ, குழாய் செருகுவதோ, துகள் உடைந்து மூளைக்குப் போய்ப் பக்கவாதம் வர வழி செய்யும். அப்போது இதயத் தசையைப் பற்றிய இந்த வாதமெல்லாம் பின்னுக்குப் போய்விடும். மகாதமனியைத் தொடாமலே இரண்டு மார்புத் தமனிகளையும் வைத்து, பம்பே இல்லாமல் செய்யலாமா என்று யோசிப்பார்கள். நெஞ்சு சிடி எடுத்திருந்தால் அதிலேயே தெரியும். எடுக்கவில்லை என்றால், எடுக்க வேண்டுமா என்று நாளைக்கே கேட்டுவிடுங்கள்.